அடிமைப்பட்ட நாட்டில் ஆடிய பந்து: டென்மார்க்கின் 1940-41ஆம் ஆண்டுக் காற்பந்துப் போட்டி

தமிழ்நாட்டு வரலாறு பயின்றோர்க்கு டென்மார்க் என்னும் பெயர் புதிதன்று. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர் டேனியர். 1706இல் அவ்வூரில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்றுத் தமிழ் நூல்களை அச்சேற்றிய செய்தி தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அதன் பிறகு டென்மார்க் தமிழரின் பாட நூல்களிலிருந்து மறைந்துவிடுகிறது. பிறர் மண்ணில் கோட்டை கட்டிய அந்நாடு, ஏறத்தாழ நூறாண்டு சென்றபின், தானே பிறர் படையின் காலடியில் கிடக்க நேர்ந்தது. அவ்வடிமைக் காலத்தின் முதலாண்டில் அந்நாட்டார் ஆடிய காற்பந்துப் போட்டிகளின் வரலாறே ஈண்டுக் கூறப்படுவது.

விளையாட்டு வரலாறாகுமோ என்று வினவுவோர் இருக்கலாம். அரசர், போர், உடன்படிக்கை ஆகியவற்றையே வரலாறெனக் கற்பித்து வந்த பழக்கம் அத்தகையது. டென்மார்க்கின் காற்பந்து ஏடுகளை எடுத்துப் பார்த்தால், நாட்டின் வாகையர் பட்டியலில் 1940க்கு நேராக ஒரு கழகத்தின் பெயர் உண்டு. 1941க்கு நேராக ஒரு பெயர் உண்டு. 1945 வரை ஓர் ஆண்டும் வெற்றிடமாக இல்லை. போரே நடவாத நாடு போலத் தோன்றும் அப்பட்டியல். அந்த ஐந்தாண்டுகளில் அந்நாட்டின் தெருக்களில் அயலான் படை அணிவகுத்துச் சென்றது என்பதைப் பட்டியல் சொல்லாது. சொல்லாமல் விட்டதைத் தேடிச் செல்வதே வரலாறு கற்போன் வேலை.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஜெர்மானியப் படை டென்மார்க்கினுள் புகுந்தது. அதே நாளில் நார்வேயும் தாக்குண்டது. நார்வே இரண்டு திங்கள் போரிட்டது. அதன் மன்னர் இலண்டனுக்குப் புறப்பட்டுச் சென்றார். டென்மார்க்கோ மலைகளற்ற சமவெளி நாடு; ஜெர்மனியோடு நில எல்லை கொண்டது; அப்போது மக்கள் தொகை நாற்பது இலட்சத்துக்கும் குறைவு. சில மணி நேரத்தில் அரசு பணிந்தது. மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் நாட்டிலேயே தங்கினார். தலைமை அமைச்சர் ஸ்டௌனிங்கும் பதவியில் தொடர்ந்தார். உள்நாட்டு ஆட்சியில் தலையிடுவதில்லை என்று ஜெர்மனி வாக்களித்தது. நாடாளுமன்றம் கூடிற்று, நீதிமன்றங்கள் வழக்குகளைக் கேட்டன, தெருவில் நின்ற காவலரும் டேனியரே. ஆயினும் படை அயலாருடையது. இதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டன. வரலாற்றாசிரியர் இதனை ஒத்துழைப்புக் கொள்கை என்பர்.

ஜெர்மானியர் இவ்வாறு விட்டுவைத்தது அன்பினால் அன்று. டென்மார்க்கின் வெண்ணெயும் பன்றியிறைச்சியும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. நாட்டை அமைதியாக வைத்திருந்தால் சிறு படையே காவலுக்குப் போதும். 'எம் ஆட்சியின்கீழ் வந்த நாடு எவ்வளவு மகிழ்ச்சியாக வாழ்கிறது பாரீர்' என்று உலகுக்குக் காட்ட ஒரு மாதிரி நாடும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. கடைகள் திறந்திருக்க வேண்டும். படக்காட்சிகள் நடக்க வேண்டும். ஞாயிறுதோறும் பந்து உருள வேண்டும். டேனியர் பந்தாடியது அவர்தம் விருப்பம். அவர் ஆட வேண்டுமென்பது ஜெர்மானியரின் விருப்பமுமாகும். இந்த முடிச்சை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் நிகழ்ச்சிகள் விளங்கா.

டென்மார்க்கில் காற்பந்து மிகப் பழையது. கே.பி. எனச் சுருக்கி அழைக்கப்படும் கோபன்ஹேகன் பந்தாட்டக் கழகம் 1876இல் தோன்றியது. ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பழைய காற்பந்துக் கழகமென அதனைச் சொல்வர். நாட்டின் காற்பந்துச் சங்கம் 1889இல் அமைந்தது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை 17க்கு 1 என்ற கணக்கில் தோற்கடித்து டேனியர் வெள்ளிப் பதக்கம் வென்றனர், 1912இலும் வெள்ளியே. ஆட்டக்காரர் எவருக்கும் ஊதியமில்லை. பகலில் அலுவலகத்திலோ பட்டறையிலோ வேலை செய்து, ஓய்வு நேரத்தில் பயின்று, ஞாயிறன்று ஆடுவோரே அனைவரும். தலைநகரின் கழகங்களே ஓங்கி நின்றன. 1954இல் கோகே என்னும் சிற்றூர்க் கழகம் வாகை சூடும்வரை, கோபன்ஹேகனுக்கு வெளியே எக்கழகமும் நாட்டின் பட்டத்தை வென்றதில்லை.

ஜெர்மானியர் புகுந்தபோது 1939-40ஆம் ஆண்டுப் போட்டியின் வசந்தகாலப் பகுதி நடக்க வேண்டியிருந்தது. அதனை ஆடி முடித்தனர், கே.பி. வென்றது. ஆனால் அடுத்த ஆண்டுப் போட்டியைப் பழைய முறையில் நடத்த இயலாது என்பது தெளிவாயிற்று.

காரணத்தை அறிய அந்நாட்டின் படத்தைப் பார்த்தல் வேண்டும். டென்மார்க் தீவுகளின் கூட்டம். தலைநகர் கோபன்ஹேகன் கிழக்கே சீலாந்துத் தீவில் உள்ளது. நடுவே ஃபியூன் தீவு. மேற்கே ஜட்லாந்துத் தீபகற்பம். சீலாந்துக்கும் ஃபியூனுக்கும் இடையிலுள்ள கடற்கால் ஏறத்தாழ பதினெட்டுக் கிலோமீட்டர் அகலமுடையது. இன்று அதன்மேல் பாலம் உண்டு, அன்று இல்லை. இரயில் வண்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடத்தினர். போர் வந்ததும் அயல்நாட்டு எண்ணெய் நின்றது. நிலக்கரி பங்கீட்டுக்கு உட்பட்டது. சொந்தக் கார்கள் கொட்டகையில் கிடந்தன. விறகுப் புகையிலிருந்து எடுத்த வாயுவால் ஓடும் வண்டிகள் தெருக்களில் தோன்றின. போதாக்குறைக்கு, 1940, 1941, 1942 ஆகிய மூன்றாண்டுகளும் கடுங்குளிர் அடுத்தடுத்து வந்து கடலே உறைந்தது. ஊதியமின்றி ஆடும் பதினொருவரை ஜட்லாந்திலிருந்து தலைநகருக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாயிற்று.

ஆகவே 1940 இலையுதிர்காலத்தில் 'போர்க்காலப் போட்டி' என்ற பெயராலேயே ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. கழகங்களைப் பகுதிவாரியாகப் பிரித்து அருகிலுள்ளோர் தமக்குள் ஆடுவர்; மேல்நிலை பெற்றோர் முடிவில் ஒன்றுகூடித் தோற்றவர் விலகும் முறையில் ஆடி வாகையரைத் தெரிந்தெடுப்பர். விடுதலை வரையில் நாட்டின் பட்டம் இவ்வகையிலேயே தீர்மானிக்கப்பட்டது. இருட்டடிப்பு இருந்தமையால் பொழுது சாய்வதற்குள் ஆட்டம் முடிந்து மக்கள் வீடு சேர வேண்டும். இத்துணை இடர்ப்பாட்டிலும் சங்கத்தார் அட்டவணை வகுத்தனர் என்பதும், நடுவர்கள் வந்து சேர்ந்தனர் என்பதும் சிறிய செய்திகளல்ல. பள்ளி விளையாட்டு விழா ஒன்றை மழைக்காலத்தில் நடத்திப் பார்த்த ஆசிரியர்கள் இதன் அருமையை அறிவர்.

அவ்விலையுதிர்காலத்தில் டேனிய மக்களிடம் ஒன்றுகூடும் வேட்கை பெருகியிருந்தது. 1940 செப்டம்பர் 1ஆம் நாள் ஞாயிறன்று நாடெங்கும் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் ஒரே வேளையில் கூடித் தாய்நாட்டுப் பாடல்களைப் பாடினர். செப்டம்பர் 26இல் மன்னருக்கு எழுபது வயது நிறைந்தபோது கோபன்ஹேகன் தெருக்கள் மக்களால் நிறைந்தன. முதிய மன்னர் நாள்தோறும் மெய்காவலரின்றிக் குதிரையேறித் தலைநகரைச் சுற்றி வருவார். அதுவே ஒரு செய்தியாக மக்கள் மனத்தில் பதிந்தது. தெருவில் எதிர்ப்படும் ஜெர்மானிய வீரனை ஏறெடுத்தும் பாராமல் செல்வதை அவர்கள் ஓர் ஒழுக்கமாகவே கொண்டனர். அரசியல் கூட்டம் கூடிப் பேச இயலாத காலத்தில் பாட்டும், தேவாலயமும், பந்துத் திடலும் மக்கள் தோளோடு தோள் நிற்கும் இடங்களாயின.

இங்கு நார்வேயின் கதையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். 1940 இலையுதிர்காலத்தில் நார்வேயின் விளையாட்டுச் சங்கங்களை நாஜிச் சார்பினர் தம் கைக்குள் கொண்டுவர முற்பட்டனர். நார்வே ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேறினர். இதனை விளையாட்டு வேலைநிறுத்தம் என வரலாறு குறிக்கிறது. 1940இன் கோப்பைப் போட்டியை ஆடி முடித்தபின், விடுதலைவரை உண்மையான நாடளாவிய காற்பந்து அங்கு நடைபெறவில்லை. ஆட விரும்பியோர் காட்டுக்குள் மறைவாக ஆடினர். புதிய சங்கம் நடத்திய போட்டிகளில் ஆடுவோரும் அரிதாயினர், பார்ப்போரும் அரிதாயினர்.

ஆடாதிருந்த நார்வேயர் வீரர், ஆடிய டேனியர் கோழையர் என்று ஒரே மூச்சில் தீர்ப்புக் கூறிவிடலாமோ? கூடாது. நார்வேயில் சங்கமே பறிபோயிற்று. அதன் கொடியின்கீழ் ஆடுதல் பகைவனுக்குத் தலைவணங்குதல் ஆகும். டென்மார்க்கில் சங்கம் டேனியர் கையிலேயே இருந்தது. ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில் 1941இல் யூதர் விளையாட்டுத் திடலுக்குள் நுழைவதே தடுக்கப்பட்டது. டென்மார்க்கில் யூதர்க்கெதிரான சட்டம் ஒன்றேனும் இயற்றப்படவில்லை. கழகங்களின் வாயிலில் அத்தகைய அறிவிப்பு எதுவும் தொங்கவில்லை. தம்முள் தாம் ஆடிய டேனியரைக் குறை சொல்வதற்கு அதிகம் இடமில்லை. குறை சொல்லத் தக்கது வேறொன்று: அவர்கள் ஜெர்மானியரோடும் ஆடினர்.

நாடு பறிபோய் ஏழு திங்கள்தான் ஆகியிருந்தது. 1940 நவம்பர் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, டேனிய தேசியக் குழு ஹாம்பர்க் நகருக்குச் சென்று ஜெர்மனியோடு ஆடியது. ஜெர்மனி ஒரே கோலால் வென்றது. ஆட்டத்திறன் என்ற அளவில் டேனியர்க்கு அது இழிவன்று. 1937இல் பிரெஸ்லாவ் நகரில் இதே ஜெர்மனியிடம் எட்டுக் கோல்களுக்குத் தோற்றவர்கள் அவர்கள். ஆனால் அன்றைய பொருள் கோல் கணக்கில் இல்லை. ஆட்சி செய்பவனும் ஆளப்படுபவனும் கை குலுக்கி நிற்கும் காட்சியே ஜெர்மானியர் வேண்டியது. அக்காட்சி அவர்களுக்குக் கிட்டிற்று. சங்கத்தார் அரசின் ஒத்துழைப்புக் கொள்கையைத் தாமும் பின்பற்றினர். இணங்கி நடந்தால் சங்கம் தம் கையில் இருக்கும், இல்லையேல் நார்வேயின் கதிதான் என்ற கணக்கு அக்கொள்கைக்குள் அடங்கியிருந்தது.

அதே ஞாயிறன்று வியன்னா நகரில் நடந்தது வியப்புக்குரியது. ஆஸ்திரியா 1938இலேயே ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆஸ்திரியக் கழகங்கள் ஜெர்மானியப் போட்டிகளில் ஆட வேண்டியவையாயின. வியன்னாவின் அட்மிரா என்னும் கழகம் 1939இல் பெர்லினில் நடந்த இறுதியாட்டத்தில் ஷால்க்கே என்னும் ஜெர்மானியக் கழகத்திடம் ஒன்பது கோல்களுக்குத் தோற்றது. வியன்னா மக்கள் அதனை மறக்கவில்லை. மனக்கசப்பைத் தீர்க்கவென்று 1940 நவம்பர் 17இல் அவ்விரு கழகங்களையும் வியன்னாவில் நட்பு முறையில் ஆடவிட்டனர். நட்பு விளைந்ததோ? ஆட்டம் சமநிலையில் முடிந்தது. நடுவரின் தீர்ப்புகளால் சினந்த மக்கள் திடலை அடித்து நொறுக்கினர். வியன்னாவை ஆண்ட நாஜித் தலைவர் ஷீராக்கின் காரையும் விட்டுவைக்கவில்லை. ஜெர்மனி தன் நாடென்று இணைத்துக்கொண்ட மண்ணிலேயே பந்துத் திடல் அடங்க மறுத்தது. இந்த அட்மிராவே ஏழு திங்கள் கழித்து டேனியர் கதையில் நுழைவதால் இது சற்று விரிவாகச் சொல்லப்பட்டது.

குளிர்காலம் கழிந்தது. 1941 வசந்தத்தில் போர்க்காலப் போட்டி முடிவை நோக்கி நகர்ந்தது. தலைநகரின் பெரிய கழகங்கள் சில சேர்ந்து, அயல்நாட்டுக் குழுக்களை வரவழைத்து ஆட 'ஸ்டெவ்னட்' என்னும் கூட்டமைப்பு ஒன்றை நெடுங்காலமாக நடத்தி வந்தன. போருக்கு முன் ஐரோப்பாவின் பல நாட்டினர் இவ்வழியாகக் கோபன்ஹேகனுக்கு வந்து ஆடிச் சென்றனர். போர்க்காலத்தில் எவரை அழைப்பது? ஜெர்மனியின் ஆளுகைக்குட்பட்ட குழுவைத்தான் அழைக்க முடிந்தது. வியன்னாவின் அட்மிரா அழைக்கப்பட்டது. ஆட்டத்துக்குக் குறித்த நாள் 1941 ஜூன் 5, வியாழக்கிழமை.

ஜூன் 5 டேனியர்க்கு ஏனைய நாள்களைப் போன்றதன்று. 1849ஆம் ஆண்டு அந்நாளில்தான் மன்னரின் தனியாட்சி நீங்கி அரசியல் சட்டம் கையெழுத்தாயிற்று. ஆண்டுதோறும் அன்று கொடியேற்றுவர். குடியுரிமை பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்துவர். அந்நாளில், அயல்படை நாட்டில் நிற்கும்போது, அயலார் கொடியின்கீழ் வரும் குழுவைத் தலைநகரில் ஆடச் செய்தவர் சிந்தித்துத்தான் செய்தனரோ, பழைய வழக்கப்படி நாள் குறித்தனரோ! எவ்வாறாயினும் அது பெரும்பிழை என்பதில் ஐயமில்லை.

ஆட்டம் நடந்த இடம் இட்ரெட்ஸ்பார்க்கன், அதாவது விளையாட்டுப் பூங்கா. 1911இல் திறக்கப்பட்ட அத்திடலே டேனியக் காற்பந்தின் நடுவீடு. கூட்டத்தில் டேனிய மக்களோடு ஜெர்மானியப் படைவீரரும் அமர்ந்திருந்தனர். தெருவில் ஜெர்மானியனைக் கண்டால் முகந்திருப்பிச் சென்றுவிடலாம். திடலின் படிக்கட்டில் முகந்திருப்ப இடமேது? படைவீரர் கையை முன்னே நீட்டி நாஜி வணக்கம் செய்தனர். டேனியர் கூக்குரலிட்டனர், சீழ்க்கையடித்தனர். ஓராண்டாக வாய்மூடி இருந்த கூட்டம் அன்று வாய் திறந்தது. சொல் கைகலப்பாயிற்று. சீருடையணிந்த வீரரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையணிந்த தொழிலாளரும் படிக்கட்டுகளில் மோதிக்கொண்டனர். டேனியக் காவலர் இடையில் புகுந்து விலக்க வேண்டியதாயிற்று. ஆட்டத்தில் அட்மிரா நான்குக்கு ஒன்று என வென்றது. அதனை அன்று எத்தனை பேர் கவனித்தனரோ!

தம் ஊரில் நாஜித் தலைவரின் காரை உடைத்த கூட்டத்தின் கழகமாகிய அட்மிரா, கோபன்ஹேகனில் நாஜிகளின் கழகமாகக் காணப்பட்டு வசைபெற்றது. டேனிய மக்கள் வியன்னாவின் நிலையை ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. அவர்கள் கண்டது கை நீட்டிய வீரரை. அட்மிராவின் ஆட்டக்காரர் நிலைதான் அன்று மிக இரங்கத்தக்கது என்னலாம்.

ஜெர்மானியர் சினங்கொண்டனர். பெர்லினின் பேராளராகக் கோபன்ஹேகனில் இருந்தவர் ரென்டே-ஃபிங்க். மாதிரி நாடென்று காட்டப்பட்ட இடத்தில் சீருடைக்கு நேர்ந்த அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அதன் எதிரொலியாக நீதியமைச்சர் ஹெரால்டு பீட்டர்சன் ஜூலைத் திங்களில் பதவி இழந்தார். நாட்டின் காவல்துறைத் தலைவராயிருந்த தூனே யாக்கப்சன் அவ்விடத்தில் அமர்ந்தார். ஒரு பந்தாட்டத்தின் கூச்சல் ஓர் அமைச்சரின் நாற்காலியை ஆட்டிற்று. உள்நாட்டு ஆட்சியில் தலையிடோம் என்ற வாக்கின் மதிப்பு எவ்வளவு என்பதும் அன்று அளந்து காட்டப்பட்டது.

இதனிடையே ஜூன் 22இல் ஜெர்மனி ரஷ்யாவின்மேல் பாய்ந்தது. அதே நாளில் பெர்லினில் ஜெர்மானிய வாகையர் இறுதியாட்டமும் நடந்தது. வியன்னாவின் ரேப்பிட் கழகம் ஷால்க்கேயை 4-3 என வென்றது. அதே நாளில் கோபன்ஹேகனில் டேனியக் காவலர் பொதுவுடைமையரைக் கைது செய்யத் தொடங்கினர். ஜூன் 5இல் கொண்டாடிய அரசியல் சட்டம் பதினேழு நாள்களில் டேனியர் கையாலேயே மீறப்பட்டது. ஒத்துழைப்பின் விலை ஏறிக்கொண்டே போயிற்று.

இவையெல்லாம் நடந்த ஆண்டின் நாட்டு வாகையர் ஃபிரெம் கழகத்தார். 'முன்னேறு' என்பது அப்பெயரின் பொருள். 1886இல் தோன்றியது, தலைநகரின் தென்மேற்கிலுள்ள தொழிலாளர் பகுதிகளின் கழகம், நீலமும் சிவப்பும் கோடிட்ட சட்டை. 1930களில் இக்கழகத்தின் பாலி யோர்கன்சன் நாட்டின் புகழ்பெற்ற முன்னணி ஆட்டக்காரர். தேசியக் குழுவுக்கு 47 ஆட்டங்களில் 44 கோல்கள் அடித்தவர். பகுதியாட்டங்களையும் விலக்காட்டங்களையும் கடந்து ஃபிரெம் 1941இன் பட்டத்தைக் கைப்பற்றியது. பட்டறைத் தொழிலாளர் வாழ்ந்த தெருக்களில் அவ்வெற்றி எத்துணை மகிழ்ச்சி தந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அட்மிரா ஆட்டத்தைக் கண்டபின் சங்கத்தார் பாடம் கற்றிருப்பர் என எதிர்பார்ப்பது இயல்பு. கற்றனர், பாதியே. அதே 1941இல், நவம்பர் 16ஆம் நாள், டேனியக் குழு மீண்டும் ஜெர்மனிக்குச் சென்று டிரெஸ்டன் நகரில் ஆடி ஒன்றுக்கு ஒன்று எனச் சமன் செய்தது. போர்க்காலத்தில் இரு நாட்டுக் குழுக்களும் மோதிய இரண்டு ஆட்டங்களும் ஜெர்மன் மண்ணிலேயே நடந்தன என்பது கருதத்தக்கது. டிரெஸ்டன் ஆட்டம் நடந்து ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 25இல், வெளியுறவு அமைச்சர் ஸ்கவேனியஸ் பெர்லின் சென்று பொதுவுடைமைக்கெதிரான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். கோபன்ஹேகன் மாணவர் தெருவில் இறங்கி எதிர்த்தனர். அதன்பின் டேனிய தேசியக் குழு போர்க்காலத்தில் ஜெர்மனியோடு ஆடவேயில்லை.

இந்நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். எவரோடு ஆடலாம், எவரோடு ஆடலாகாது என்ற எல்லையை முதலில் வகுத்தவர் சங்கத்தாரல்லர், அமைச்சரல்லர். படிக்கட்டில் நின்று சீழ்க்கையடித்த மக்களே. தலைவர்கள் அவ்வெல்லைக்கு வந்து சேர மேலும் சில திங்கள் ஆயின. அரசு முழுவதும் அவ்வெல்லைக்கு வந்து சேர இரண்டாண்டு ஆயிற்று. 1943 ஆகஸ்டில் நாடெங்கும் வேலைநிறுத்தமும் நாசவேலையும் மூண்டன. ஆகஸ்ட் 24இல் ஃபோரம் என்னும் பெருமண்டபத்தை எதிர்ப்பியக்கத்தார் தகர்த்தனர். ஜெர்மானியர் அதனைப் படைக்குடியிருப்பாக்க இருந்தனர். வெடி பீர்ப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுசெல்லப்பட்டது. ஆகஸ்ட் 29இல் ஜெர்மானியர் படைச் சட்டம் அறிவித்தனர். டேனிய அரசு செயலற்றது. டேனியக் கடற்படையினர் தம் கப்பல்களைத் தாமே கடலில் மூழ்கடித்தனர். தேசியக் குழுவின் ஆட்டங்களும் நின்றன.

உள்நாட்டுப் போட்டி மட்டும் நின்றபாடில்லை. 1942இல் பி-93 வென்றது; 1943இல் ஏ.பி. வென்றது. ஏ.பி. என்பது பல்கலைக்கழகத்தாரின் கழகம். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போர் இளமையில் இக்கழகத்தின் கோல்காவலர். அவர் தம்பியும் கணித அறிஞருமான ஹெரால்டு போர் 1908இல் வெள்ளி வென்ற ஒலிம்பிக் குழுவில் ஆடியவர். அவ்விருவரின் தாய் யூதக் குலத்தவர். ஏ.பி. வாகை சூடிய அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஜெர்மானியர் யூதரைப் பிடிக்க முற்பட்டபோது, நீல்ஸ் போர் செப்டம்பர் 29இல் படகேறிச் சுவீடனுக்குத் தப்பினார். தம்பியும் சுவீடன் சேர்ந்தார். மீனவர் படகுகளிலும் பிற படகுகளிலுமாக ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அக்கடற்காலைக் கடந்து உயிர் பிழைத்தனர். பிடிபட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டோர் ஐந்நூற்றுக்கும் குறைவு.

1944 ஜனவரியில் கே.பி. கழகத்தின் பெரிய விளையாட்டு மண்டபத்தை ஜெர்மானியச் சார்புக் கும்பல் வெடிவைத்துத் தகர்த்தது. எதிர்ப்பியக்கத்தின் செயல்களுக்குப் பழிவாங்குவதாக மக்களின் மகிழ்ச்சிக்குரிய இடங்களை அழிப்பது அவர்கள் வழக்கம். அவ்வாண்டின் பட்டமும் ஃபிரெமுக்கே சென்றது. அக்கழகத்தில் அப்போது வளர்ந்துவந்த ஜான் ஹான்சன் என்னும் இளைஞர் 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் ஏழு கோல்கள் அடித்தார். டென்மார்க் வெண்கலம் வென்றது. பின்னர் அவர் இத்தாலியின் யுவெண்டஸ் கழகத்தில் புகழ்பெற்றார். போர்க்காலத் திடல்களில் பந்து உருளாதிருந்தால் அத்தலைமுறை எங்கே பயின்றிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

1945 மே 4ஆம் நாள் மாலை, இலண்டன் வானொலியின் டேனியச் செய்தி ஜெர்மானியப் படை சரணடைந்ததை அறிவித்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அது நடப்புக்கு வந்தது. இருட்டடிப்புத் திரைகளைக் கிழித்தெறிந்த மக்கள் சன்னல்தோறும் மெழுகுவத்தி ஏற்றினர். அவ்வாண்டின் போர்க்காலப் போட்டியில் ஏ.பி. வென்றது, அத்தோடு அப்பெயரும் மறைந்தது. ஜூன் திங்களில் தேசியக் குழு மீண்டும் களமிறங்கியது. எதிர்க்குழு, ஓடிவந்தோர்க்கு இடமளித்த சுவீடன்.

அட்மிரா ஆட்டம் நடந்த பழைய இட்ரெட்ஸ்பார்க்கன் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் எழுந்த பார்க்கன் என்னும் புதிய அரங்கம் 1992இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கே.பி.யும் பி-1903 என்னும் கழகமும் தம் முதன்மைக் குழுக்களை இணைத்து எஃப்.சி. கோபன்ஹேகனை உருவாக்கின. ஃபிரெம் 1993இலும் 2010இலும் கடன்பட்டு நொடித்து, இரு முறையும் மீண்டும் ஆடத் தொடங்கியது. அதன் பட்டங்கள் ஆறு: 1923, 1931, 1933, 1936, 1941, 1944.